கூகுளில் நம் ஊர்த் தறி

சந்தியில் இருக்கும் கடைக்குப் பெயர்ப்பலகை போதும். பஸ்ஸிலிருந்து இறங்குபவர் பார்ப்பார், உள்ளே வருவார். வீட்டுக்குள் தறி போட்டு நெய்பவருக்கும், அடுப்படியில் தொதல் கிண்டி விற்பவருக்கும், இரவிருந்து அபாயா தைத்துக் கொடுப்பவருக்கும் அந்தச் சந்தி கிடையாது. அவர்கள் செய்வது நல்ல பொருள் என்பது பக்கத்து வீட்டாருக்குத் தெரியும். அதே பொருளைக் கொழும்பிலிருந்து தேடிக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. நடுவில் ஒருவர் வந்து மொத்தமாக வாங்கிப் போகிறார். அவர் சொல்வதுதான் விலை.

மருதமுனையில் என் சாச்சி கைத்தறிச் சாரனும் சாரியும் நெய்கிறார். அவர் நெய்த சாரியொன்று கொழும்பில் ஒரு கடையின் கண்ணாடி அலுமாரிக்குள், வேறொரு பெயர் ஒட்டப்பட்டு, அவர் விற்றதைப் போல் இரு மடங்குக்கும் மேலான விலையில் தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரரைக் குறை சொல்ல அதில் அதிகமில்லை. அவரிடம் வாடிக்கையாளர் இருக்கிறார், சாச்சியிடம் இல்லை. அந்த வாடிக்கையாளரைச் சாச்சி நேரே அடைய வழி உண்டா? இந்தக் கேள்வியால்தான், உயர்தர வணிகப் பிரிவில் படிக்கும் நான், 'தேடுபொறி உகப்பாக்கம்' என்ற பயமுறுத்தும் பெயருடைய விடயத்தைத் தேடிப் படித்தேன். ஆங்கிலத்தில் எஸ்.ஈ.ஓ. என்பார்கள். பெயர்தான் பெரிது. ஒருவர் ஒரு பொருளைத் தேடும்போது நம் பக்கம் அவர் கண்ணில் படும்படி அதை ஒழுங்காக எழுதி வைப்பதுதான் அது.

முதலில் தேடுபொறி என்ன செய்கிறது என்று பார்ப்போம். கூகுளில் ஒரு சொல்லைத் தட்டியவுடன் அது உலகம் முழுவதும் ஓடிப்போய்த் தேடுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அந்த அரை நொடிக்குள் அது சாத்தியமில்லை. தேடல் முன்கூட்டியே நடந்து முடிந்திருக்கிறது. கூகுளின் நிரலொன்று இரவும் பகலும் ஒரு பக்கத்திலிருக்கும் இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்கும், அங்கிருந்து இன்னொன்றுக்கும் போய்க்கொண்டே இருக்கும். போகுமிடமெல்லாம் என்ன எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். பெரிய நூல்களின் கடைசிப் பக்கங்களில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஓர் அட்டவணை இருக்குமே, அதைப் போன்ற ஆனால் மலையளவு பெரிய அட்டவணை ஒன்று இப்படித்தான் உருவாகிறது. நாம் தேடும்போது கூகுள் அந்த அட்டவணையைத்தான் புரட்டுகிறது. ஆகவே அட்டவணையில் ஏறாத பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தேடுபவருக்கு இல்லாத பக்கம்தான். வட்ஸ்அப் குழுவில் போட்ட படங்களும், பேஸ்புக்கின் தனிப்பட்ட குழுவுக்குள் எழுதிய விலைப்பட்டியலும் அதில் ஏறுவதில்லை. சாச்சியின் வியாபாரம் முழுவதும் அதுவரை அங்கேதான் இருந்தது.

அட்டவணையில் ஒரே சொல்லுக்கு இலட்சக்கணக்கான பக்கங்கள் இருக்குமானால் எதை முதலில் காட்டுவது? கூகுளை உருவாக்கிய லரி பேஜும் சேர்ஜி பிரினும் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்தபோது கையில் எடுத்த கேள்வி இதுதான். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பல கட்டுரைகள் மேற்கோள் காட்டினால் அது முக்கியமானது என்று அறிஞர் உலகம் கருதுகிறது. அதுபோல, ஒரு பக்கத்தை நோக்கி வேறு நல்ல பக்கங்கள் இணைப்புக் கொடுத்தால் அந்தப் பக்கத்துக்கு மதிப்புக் கூடும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 1998 இல் நிறுவனம் தொடங்கிய காலத்தில் அதுவே அவர்களின் பலம். இன்று பக்கத்தின் பொருத்தம், எழுத்தின் தரம், தேடுபவர் இருக்கும் இடம், மொழி என்று வேறு பலவும் சேர்ந்துவிட்டன. ஆனாலும் 'மற்றவர்கள் உன்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள்' என்ற அந்த முதற் கேள்வி இன்னும் போய்விடவில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். முதலாவது தடை, நான் எதிர்பார்க்காத இடத்தில் இருந்தது: எழுத்துருவில். நம் நாட்டில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள் ஏராளம். அச்சுக்கு அது போதும். ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். அவற்றின் மேல் தமிழ் வடிவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக அர்த்தமில்லாத ஒரு குவியல் தெரியும். தேடுபொறியின் நிரலுக்கும் அந்தக் குவியல்தான் தெரிகிறது. 'கைத்தறி' என்று நாம் நூறு தடவை எழுதியிருந்தாலும் அதன் அட்டவணையில் 'கைத்தறி' என்ற சொல் ஏறாது. யூனிகோட்டில் எழுதினால்தான் தமிழ் தமிழாகவே போய்ச் சேரும். அச்சகத்தில் செய்த துண்டுப்பிரசுரத்தை அப்படியே இணையத்தில் ஏற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விலைப்பட்டியலைப் படமாக மட்டும் போடுபவர்களுக்கும் இதே கதைதான். முக்கியமான எழுத்தைப் படத்துக்குள் அடைக்க வேண்டாம் என்று கூகுளே தன் வழிகாட்டலில் சொல்கிறது.

அடுத்தது சொற்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வணிகத்தைவிட இது தமிழ்ப் பாடத்துக்குக் கிட்டியது என்பேன். நெய்பவர் தன் பொருளுக்குச் சொல்லும் பெயரும் வாங்குபவர் தேடும் பெயரும் பெரும்பாலும் ஒன்றல்ல. சாச்சிக்கு அது பாவும் நூலும் சாயமும் கரையும். வாங்க வருபவருக்கு அது 'பாடசாலைக்கு உடுத்துப் போகக்கூடிய, வெயிலுக்குச் சூடில்லாத சாரி'. நாம் சாரன் என்பதை வேறு பகுதியினர் சாரம் என்கிறார்கள். தமிழ்நாட்டில் இருப்பவர் லுங்கி என்றோ கைலி என்றோ தேடுவார். கைத்தறி என்ற சொல்லைப் புத்தகத்தில் மட்டுமே கண்டவர் ஆங்கிலத்தில் 'ஹேண்ட்லூம்' என்று தட்டுவார். சிங்களத்தில் தேடுபவர் 'அத்யந்த்ர' என்று தட்டுவார். கைத்தறிச் சாரிக்கு நம் நாட்டில் சிங்கள ஆசிரியைகளும் அலுவலகப் பெண்களும் எவ்வளவு பெரிய வாடிக்கையாளர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தமிழில் மட்டும் ஒரு பக்கம் வைத்துவிட்டு அவர்கள் வரவில்லையே என்று கவலைப்படுவதில் நியாயமில்லை. ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பக்கம் வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாமல், அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திய பின் போட வேண்டும்.

ஊரின் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. மருதமுனை என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவிலிருக்கும் 'த' வுக்கு சிலர் 'டீ' என்ற ஓரெழுத்தைப் போடுகிறார்கள். சிலர் 'ரீ', 'எச்' என்று இரண்டு எழுத்துகளைச் சேர்க்கிறார்கள். தெரிந்த பெருநகரங்களின் எழுத்துப் பிழைகளைத் தேடுபொறி எளிதில் திருத்திக்கொள்ளும். சின்ன ஊர்களுக்கு அந்த நம்பிக்கையில் இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஓரிடத்தில் இரண்டு விதமாகவும் இயல்பாக எழுதிவிட்டால் பிரச்சினை முடிந்தது. அதற்காக 'கைத்தறி சாரன் மருதமுனை சாரன் மலிவுச் சாரன்' என்று ஒரே சொல்லை அடுக்கிக்கொண்டே போகக் கூடாது. வாசிப்பவருக்குச் சலிப்பூட்டும், கூகுளும் அதைத் தந்திரம் என்று கண்டுபிடித்துப் பின்னுக்குத் தள்ளும்.

சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு எச்.ரீ.எம்.எல். இல் 'டைட்டில்' என்றொரு குறி இருப்பது நினைவிருக்கும். பரீட்சைக்குப் பின் நாம் மறந்துவிடும் அந்தக் குறிதான் தேடல் முடிவுகளில் பெரும்பாலும் நீல எழுத்தில் வரும் தலைப்பு. அதில் 'முகப்பு' என்றோ 'வருக' என்றோ எழுதியிருப்பவர்களை நான் நிறையக் கண்டேன். 'வருக' என்று தேடி யார் சாரி வாங்குகிறார்? பொருள் என்ன, எந்த ஊர், யார் செய்கிறார்கள் என்று ஒரே வரியில் அங்கே சொல்லிவிட வேண்டும். படங்களுக்கும் அப்படியே. கைத்தொலைபேசி தானாக இடும் இலக்கப் பெயருடன் படத்தை ஏற்றாமல், 'மஞ்சள் கரையுள்ள பச்சைக் கைத்தறிச் சாரி' என்று அதற்கு மாற்றுரை எழுதலாம். பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் வாசித்துக் காட்டுவதும் அந்த வரியைத்தான். அது அதற்காகவே உண்டானது, தேடுபொறிக்கும் உதவுகிறது.

பக்கத்தின் உடலில் என்ன எழுதுவது என்று சாச்சி கேட்டபோது, வாங்க வருபவர்கள் வட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எழுதித் தரும்படி சொன்னேன். சாயம் போகுமா? முதல் முறை எப்படிக் கழுவுவது? கலியாணத்துக்கு ஒரே நிறத்தில் எத்தனை சாரன் நெய்து தர முடியும், எத்தனை நாள் முன்னே சொல்ல வேண்டும்? விசைத்தறித் துணிக்கும் கைத்தறித் துணிக்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது? பதில்களை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடைசிக் கேள்விக்கு அவர் துணியின் ஓரத்தைக் கையில் எடுத்துக் காட்டி, அங்கே தெரியும் சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வுகளைச் சொன்னார். அதைப் படமாகவும் எடுத்துப் போட்டோம். விளம்பர நிறுவனம் எழுதும் 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்ற வரியால் யாரும் பயனடைந்ததாக நான் அறியேன். இந்தக் கேள்விகளுக்கு ஆளறிந்து பதில் சொல்ல, நாற்பது ஆண்டு தறியில் இருந்தவரால்தான் முடியும். பெரிய கடைகளோடு நாம் போட்டியிடக்கூடிய இடமும் அதுதான்.

படங்களின் அளவையும் கவனிக்க வேண்டும். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைச் சுருக்காமல் ஏற்றினால் பக்கம் திறக்கும் முன்பே பார்ப்பவரின் டேட்டாவும் பொறுமையும் தீர்ந்துவிடும். கூகுள் இப்போது பக்கங்களைக் கைத்தொலைபேசியில் தெரியும் வடிவத்தை வைத்தே அட்டவணைப்படுத்துகிறது. அந்த மாற்றம் நிறைவடைந்ததாக 2023 இல் அறிவித்தது. எனவே மடிக்கணினியில் அழகாகத் தெரிகிறது என்பது இனி ஒரு பெருமையல்ல.

கூகுள் வரைபடத்தில் வரும் வியாபாரப் பதிவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோரின் கவலை இங்கேதான் தொடங்குகிறது. 'கூகுள் பிஸ்னஸ் புரொபைல்' என்று அதற்குப் பெயர். பணம் எதுவும் இல்லை. தேடியதற்கும் நம் வியாபாரத்துக்கும் உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் நமக்கும் இடையிலுள்ள தூரம், நம் வியாபாரம் எவ்வளவு அறியப்பட்டது என்ற மூன்றையும் வைத்து வரிசைப்படுத்துவதாகக் கூகுள் சொல்கிறது. இதில் தூரம் இருப்பதால், கல்முனையில் நின்று தேடுபவருக்குச் சாச்சியின் பதிவு தெரியும். வெள்ளவத்தையில் நின்று தேடுபவருக்கு அங்குள்ள கடைகளே தெரியும். ஊருக்கு வரும் வாடிக்கையாளருக்கு வரைபடம், தூரத்திலிருப்பவருக்கு நம் சொந்தப் பக்கம் என்று பிரித்து விளங்கிக்கொள்வது நல்லது.

வீட்டிலிருந்து வியாபாரம் செய்யும் பெண்ணின் வீட்டு முகவரியை உலகமே பார்க்கும் வரைபடத்தில் போடுவதா என்று என் வாப்பா கேட்டார். நியாயமான கேள்வி. வாடிக்கையாளர் வீடு தேடி வருவதில்லை, நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்றால், முகவரியை மறைத்து, சேவை செய்யும் பிரதேசங்களை மட்டும் காட்டும் வசதி அந்தப் பதிவிலேயே இருக்கிறது. வாடிக்கையாளரை நேரில் சந்திக்காமல் முழுக்க இணையத்திலேயே நடக்கும் வியாபாரத்துக்கு இந்தப் பதிவு பொருந்தாது. அவர்கள் சொந்தப் பக்கத்தோடு நிற்க வேண்டியதுதான். வியாபாரத்துக்கென்று தனி சிம் ஒன்று எடுத்து அந்த இலக்கத்தை மட்டும் கொடுக்கலாம். சாரி உடுத்த ஆளின் படம் இல்லாமல் விற்காது என்பதும் உண்மையல்ல. சாச்சியின் பக்கத்தில் இருப்பவை தறியில் பாதி நெய்த துணியும், வெயிலில் கொடியில் காயும் சாரியும், நாடாவைத் தள்ளும் ஒரு கையும்தான்.

குறுக்கு வழி காட்டுபவர்கள் நிறையப் பேர் உண்டு. 'ஒரு மாதத்தில் கூகுளில் முதலிடம், உத்தரவாதம்' என்று தொலைபேசியில் பேசுபவர்களை நம்ப வேண்டாம். அப்படி உத்தரவாதம் தர எவராலும் முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. பணம் கொடுத்தால் மேலே வருவது விளம்பரம். அது விளம்பரம் என்று குறிக்கப்பட்டே வரும், பணம் நின்ற நாளில் அதுவும் நிற்கும். இன்னும் சிலர் 'மெட்டா கீவேர்ட்' இட்டுத் தருவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்குகிறார்கள். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 இலேயே அறிவித்துவிட்டது. பொய் விமர்சனங்களும் அப்படித்தான்: காசுக்கு எழுதச் சொல்வது மட்டுமல்ல, 'ஐந்து நட்சத்திரம் போட்டால் தள்ளுபடி' என்பதும் விதிமீறல். 2006 பெப்ரவரியில் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜேர்மன் இணையத்தளத்தையே கூகுள் சில நாட்கள் தன் அட்டவணையிலிருந்து நீக்கி வைத்தது. தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும் மனிதருக்கு வேறொரு பக்கத்தையும் காட்டியதுதான் காரணம். அவ்வளவு பெரிய நிறுவனம் திருத்திக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. நம் தறிக்காரருக்கு அப்படி நடந்தால் ஒரு பெருநாள் வியாபாரம் போய்விடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. எங்கள் பகுதியில் ஒரு புடவைக் கடைக்காரர் தன் இணையத்தளத்தை ஒருவரிடம் பொறுப்புக் கொடுத்தார். செய்தவர் தளத்தின் பெயரையும், வரைபடப் பதிவையும், மின்னஞ்சலையும் தன் பெயரிலேயே திறந்துகொண்டார். அடுத்த ஆண்டு புதுப்பிக்கும் கட்டணத்தில் தகராறு வந்தது. தளம் மறைந்தது. வரைபடத்தில் இருந்த தொலைபேசி இலக்கமும் மாறியது. கடையைத் தேடி அழைத்தவர்கள் யாருடனோ பேசினார்கள். வேலையை யாரிடமும் கொடுக்கலாம். உரிமை நம் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். எல்.கே. என்று முடியும் தளப் பெயர்களை எல்.கே. டொமைன் ரெஜிஸ்ட்ரி பதிவு செய்கிறது. யாருடைய பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகிறது என்று முதல் நாளே கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். 2010 இலிருந்து '.இலங்கை' என்று தமிழிலேயே முடியும் பெயரும் நமக்கு உண்டு. அதை இன்னும் அதிகம் பேர் பயன்படுத்தவில்லையே என்பது என் தனிப்பட்ட மனக்குறை. இலவசமாகக் கிடைக்கிறது என்று பிறர் தரும் பக்கத்தில் மட்டும் குடியிருப்பதும் பாதுகாப்பல்ல. சிறு வியாபாரிகளுக்குக் கூகுள் கொடுத்து வந்த இலவச இணையத்தளங்களை அது 2024 மார்ச்சில் நிறுத்தியது.

பக்கம் ஏறிய பின் பலன் தெரிய வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். அதுவரை பார்க்க வேண்டியது 'சேர்ச் கொன்சோல்' என்ற இலவசக் கருவியை. நம் பக்கம் எந்தெந்தச் சொற்களுக்குக் காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டுத் திறந்தார்கள் என்று அது காட்டும். சாச்சியின் பக்கத்துக்கு முதலில் வந்தவர்கள் சாரனையோ சாரியையோ தேடியவர்கள் அல்லர். துணியைக் கழுவும் முறையைத் தேடியவர்கள். அவர்களில் சிலர் பின்னர் விலை கேட்டு எழுதினார்கள். இப்போது கூகுள் இப்படிப்பட்ட கேள்விகளுக்குச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தேடல் பக்கத்திலேயே பதில் தருவதால் இந்த வழியாக வருபவர்கள் குறையக்கூடும். வாங்கவே வருபவர் எப்படியும் விற்பவரின் பக்கத்துக்கு வந்துதான் ஆக வேண்டும்.

பெருநாள் காலத்துக்கு மட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. 'கூகுள் ட்ரெண்ட்ஸ்' என்ற இலவசக் கருவியில் ஒரு சொல் ஆண்டின் எந்த வாரங்களில் அதிகம் தேடப்படுகிறது என்று நாடு வாரியாகப் பார்க்கலாம். சித்திரைப் புத்தாண்டுத் தேடல் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலை ஒட்டியே எழும். நோன்புப் பெருநாள் பிறைக் கணக்கில் வருவதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்கிறது. போன ஆண்டு இதே திகதியில் என்ன விற்றது என்று ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். பிறையை வைத்துத்தான் வாரங்களை எண்ண வேண்டும். புதிய பக்கம் அட்டவணையில் ஏறுவதற்கு நாள் எடுப்பதால் பெருநாள் பக்கத்தை நோன்பு தொடங்க முன்பே போட்டுவிட வேண்டும். அதன் முகவரியில் ஆண்டைச் சேர்க்காமல், ஒரே முகவரியை வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆண்டும் படங்களையும் விலையையும் மட்டும் மாற்றினால், போன ஆண்டு அந்தப் பக்கத்துக்குக் கிடைத்த இணைப்புகளும் மதிப்பும் இந்த ஆண்டுக்கும் கூடவே வரும். சாச்சி இந்த முறை அந்தப் பக்கத்துக்கு ரஜப் மாதத்திலேயே படம் எடுத்துவிட்டார்.